மாசி என்று சொன்னால் மார்க் இல்லை

மூன்று சொற்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: சாக்ஸ், நீலம், கட்டில். இப்போது திருப்பிச் சொல்லுங்கள். சரி, இது எந்த வருஷம்? எந்த மாசம்? இன்றைக்கு என்ன கிழமை? முதலில் சொன்ன மூன்று சொற்கள் என்னென்ன?

அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு நர்சிங் ஹோமில் சேரும் முதியவரின் நினைவாற்றலை அளக்கும் பரீட்சை இது. சுருக்கமாக 'பிம்ஸ்' என்போம். மொத்தம் 15 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் எடுத்தால் புத்தி தெளிவு. 8 முதல் 12 வரை என்றால் ஓரளவு குறைபாடு. 7 அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு.

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்க்கும் இடத்தில், உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் இதில் எடுத்தது 5. அந்தத் தாளின் கடைசியில் இருந்தது என் கையெழுத்து. (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் ஒரு விளக்கம். நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பார்கள், குடல்வால் எடுப்பார்கள். இங்கே அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்குப் போகும் அளவுக்கு இன்னும் தேறாதவர்கள் சில வாரம் தங்கி நடை பழகுவார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாது என்றானவர்கள் கடைசி வரை இருப்பார்கள். இரண்டு வகையும் ஒரே கூரையின் கீழ். நாடு முழுக்கச் சுமார் 15,000 இல்லங்கள், சுமார் 12 லட்சம் பேர்.

இத்தனை பேருக்கும் ஒரே படிவம். மினிமம் டேட்டா செட், எங்கள் பேச்சில் எம்.டி.எஸ். பெயரில்தான் மினிமம், பக்கங்கள் போய்க்கொண்டே இருக்கும். காது கேட்கிறதா, தானாக எழுந்து உட்கார முடிகிறதா, எடை குறைந்ததா, விழுந்தாரா, புண் இருக்கிறதா, மனசு சோர்வாக இருக்கிறதா என்று எல்லாம் அதில் உண்டு. சேர்ந்த 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒரு முழு மதிப்பீடு. நடுவில் உடல்நிலை பெரிதாக மாறினால் அதற்குத் தனியாக ஒன்று. இந்தப் படிவத்தை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை.

இது வந்த கதை முக்கியம். எண்பதுகளில் இந்த நாட்டு முதியோர் இல்லங்களின் நிலைமை கேவலமாக இருந்தது. கட்டிப் போடுவது, மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது எல்லாம் சகஜம். 1986-ல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு ஓர் அறிக்கை கொடுத்தது. மறு வருஷமே, 1987-ல், சட்டம் வந்தது. ஒவ்வொருவரையும் ஒரே அளவுகோலால் அளந்து, அதை வைத்துத்தான் பராமரிப்புத் திட்டம் போட வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2010 அக்டோபரில் இப்போதைய மூன்றாம் வடிவம் வந்தபோது ஒரு நல்ல மாற்றம் நடந்தது. அதுவரை பெரும்பாலும் ஊழியர்கள் பார்த்து எழுதியதை, முடிந்தவரை அந்த மனிதரிடமே கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். நினைவாற்றல், மனநிலை, வலி எல்லாவற்றுக்கும் நேர்முகக் கேள்விகள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் எந்த மொழியில் கேட்பது?

அப்பத்தாவுக்கு 78 வயது. ஒன்பது வருஷமாக மகனோடு இங்கே இருக்கிறார். பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து எங்களிடம் வந்தார். சேர்க்கும்போது மகனிடம் வழக்கமான கேள்வி: எந்த மொழி? மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? மகன் பெருமையாகவே சொல்லியிருக்கிறார், "அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியும், தேவையில்லை." பேரப்பிள்ளைகளோடு பேசுகிற இங்கிலீஷ், கடையில் விலை கேட்கிற இங்கிலீஷ் அது. படிவத்தின் முதல் பகுதியில் ஒரு கட்டம் அப்படி நிரம்பியது. பிறகு வந்த தப்பெல்லாம் அந்தக் கட்டத்திலிருந்து கிளம்பியவைதான்.

நினைவுப் பரீட்சை நடத்தியவர் எங்கள் சோஷியல் ஒர்க்கர். நல்லவர், அன்று இன்னும் ஏழு பேர் பாக்கி அவருக்கு. மூன்று சொற்களில் இரண்டை அப்பத்தா திருப்பிச் சொன்னார், 2 மதிப்பெண். வருஷத்தைச் சரியாகச் சொன்னார், 3 மதிப்பெண். மாசம் என்ன என்றதற்கு "மாசி" என்றார். பூஜ்யம். கிழமை என்ன என்றதற்கு "வெள்ளி" என்றார். பூஜ்யம். கடைசியில் அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்டபோது, என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் சிரித்திருக்கிறார். மூன்றுக்கும் பூஜ்யம்.

அன்று மாசி மாசம்தான். வெள்ளிக்கிழமைதான்.

கூட்டினால் 5. கடுமையான குறைபாடு. தாள் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு விதிப்படி 'மதிப்பீடு முடிந்தது' என்றுதான் பொருள். அந்தந்தப் பகுதி சரி என்பதற்கு அதை எழுதியவர்தான் பொறுப்பு. பிறகு பல நாள் இந்த நுணுக்கத்தைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஒரே நர்ஸ் நான். அவர் பெயரைப் பார்த்ததுமே தமிழ் என்று எனக்குத் தெரியும். பதினைந்து அறை தள்ளித்தான் இருந்தார். நான் போகவில்லை. தாள் வேலை அப்படி, நாற்காலியிலிருந்தே முடித்துவிடலாம்.

ஓர் எண் விழுந்துவிட்டால் அது சும்மா இருக்காது. அப்பத்தாவின் பராமரிப்புத் திட்டத்தில் வரிகள் ஏறின. முடிவுகளை மகனிடம் கேட்கவும். சொன்னதை நினைவில் வைக்க மாட்டார், தனியாக எழ முயல்வார், கவனம். பிசியோதெரபிஸ்ட் தன் இலக்கைக் குறைத்துக்கொண்டார். மாடிப்படி ஏறப் பழக்கும் பேச்சே எடுக்கவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் ஞாபகப் பயிற்சிக்காகப் படம் போட்ட அட்டைகளோடு வந்தார், அதுவும் இங்கிலீஷில். வீட்டுக்கு அனுப்புவது கஷ்டம், நீண்ட காலப் பிரிவைப் பற்றிக் குடும்பத்தோடு பேச வேண்டும் என்று ஒரு குறிப்பு. மகனும் அழுதுகொண்டே தலையாட்டிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு சில முதியவர்களுக்குப் புத்தி தடுமாறுவது உண்மை என்பதால், அவருக்கும் அது நம்பும்படியாகவே இருந்தது.

அப்பத்தாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. 5 எடுத்தவரிடம் என்ன சொல்வது?

பிடித்துக்கொடுத்தது இரவு நேர நர்சிங் அசிஸ்டென்ட். ஹெய்ட்டி நாட்டுப் பெண். ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடிந்து போகும்போது என் கதவருகே நின்று சொன்னார்: "உங்க ஊர் அம்மா தினமும் ராத்திரி மாத்திரை லேட்டானா சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவாங்க. நேத்து ஒரு மாத்திரை கலர் மாறி வந்தது, வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. நர்ஸ் பார்த்தா, வேற கம்பெனி மாத்திரை. அவங்களுக்கா ஞாபகம் இல்லைங்கறீங்க?"

அன்றுதான் எழுந்து போனேன்.

"தமிழா தாயி நீயி?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. ஊரில் பால் சொசைட்டிக் கணக்கு எழுதியவராம். பதினெட்டு வீட்டுப் பால் கணக்கும் மனசிலேயே இருக்குமாம். நான் தமிழில் அந்தப் பரீட்சையை வைத்தேன். சாக்ஸ், நீலம், கட்டில். கடைசியில் திரும்பக் கேட்டபோது நீலமும் கட்டிலும் உடனே வந்தன. முதல் சொல் வரவில்லை. "உடுத்துற பொருள்" என்று விதிப்படி குறிப்புக் கொடுத்தேன். "அட, சாக்ஸு! இந்த ஊருக்கு வர்ற வரைக்கும் அதை யாரு போட்டா?" குறிப்புக் கொடுத்த பிறகு சொன்னால் இரண்டுக்குப் பதில் ஒன்றுதான். மொத்தம் 14.

இது ஏதோ ஒரு தமிழ்ப் பாட்டிக்கு நடந்த விபத்து என்று விட்டுவிட முடியாது. இந்தத் தாள்கள் தப்பாகும் வழிகள் பல.

பெரிய வழி, போன தாளைப் பார்த்து இந்தத் தாளை எழுதுவது. கம்ப்யூட்டர் அதைச் சுலபமாக்கிவிட்டது. மூன்று மாசத்துக்கு முன் ஒருவர் உதவியோடு நடந்தார் என்றால் இப்போதும் அப்படியே. இன்னொன்று, யார் எப்போது பார்த்தார்கள் என்பது. காலை பத்து மணிக்கு, நன்றாகத் தூங்கி எழுந்து, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் பார்க்கும் மனிதர் வேறு. ராத்திரி மூன்று மணிக்கு இரண்டு பேர் சேர்ந்து தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டுபோகும் மனிதர் வேறு. படிவம் கேட்பது 'வழக்கமாக எப்படி' என்பதை. ராத்திரிக்காரரைக் கேட்காமல் வழக்கம் எப்படித் தெரியும்? அவரோ ஷிஃப்ட் முடியும் அவசரத்தில், தன் பொறுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே எண்ணைத் தட்டிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் கையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் உங்களுக்கும் வராது.

பிறகு பணம். இந்தத் தாளை வைத்துத்தான் அரசின் மெடிகேர் காப்பீடு இல்லத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவாகிறது. 2019 அக்டோபர் வரை தெரபி கொடுத்த நிமிஷங்களை எண்ணிப் பணம் கொடுத்தார்கள். நிமிஷங்கள் தாராளமாகப் பெருகின. இப்போது நோயாளியின் நிலைமையை வைத்துப் பணம். நினைவாற்றல் குறைந்தவர் என்றால் ஸ்பீச் தெரபிக்கான பங்கு கூடும். அதாவது, அப்பத்தாவின் 5 எங்கள் இல்லத்துக்கு நஷ்டம் இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் லாபம் தரும் தப்பை யாரும் விழுந்தடித்துக்கொண்டு தேடுவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணம் ஒரு பக்கம் கூட்டச் சொல்லும், பெயர் இன்னொரு பக்கம் குறைக்கச் சொல்லும். 2008 முதல் இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அந்த நட்சத்திரக் கணக்கில் ஒரு பெரும் பங்கு, இல்லங்கள் தாங்களே எழுதிக் கொடுக்கும் இந்தத் தாளிலிருந்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விழுந்து பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் மெடிகேர் பில்களை ஒரு பக்கம் வைத்தார்கள். அதே ஆட்களின் தாள்களை இன்னொரு பக்கம் வைத்தார்கள். அப்படி விழுந்ததில் 57.5 சதவீதம்தான் தாளில் இருந்தது. மீதிப் பேர் ஆஸ்பத்திரிக் கணக்கில் விழுந்தார்கள், இல்லத்தின் கணக்கில் விழவில்லை.

மனநோய்க்கான மருந்து கொடுத்து அடக்கி வைக்கும் பழக்கத்தைக் கணக்கெடுக்கும்போது, ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களை விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு மருந்து தேவை என்பதால். உடனே சில இல்லங்களில் வயதானவர்களுக்குத் திடீர் திடீரென்று ஸ்கிசோஃப்ரினியா முளைத்தது. 2023 ஜனவரியில் அரசு அதற்கென்றே தணிக்கை தொடங்க வேண்டிவந்தது.

இதெல்லாம் கள்ளத்தனம். கள்ளத்தனமே இல்லாமல் வரும் தப்புகள்தான் எனக்கு அதிகம் கவலை.

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். "கடந்த ஐந்து நாளில் வலி இருந்ததா?" என்பது கேள்வி. நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். "வலி இல்லம்மா" என்பார்கள். இருப்பது குடைச்சல். அல்லது உளைச்சல், கடுப்பு, சுருக்கு சுருக்கென்று குத்தல், பிடிப்பு, காந்தல். வலி என்ற சொல்லைப் பிரசவத்துக்கும் நெஞ்சுக்கும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அப்பத்தாவின் தாளில் வலி 'இல்லை' என்றிருந்தது. தமிழில் கேட்டதும், "வலியெல்லாம் இல்ல தாயி, திரும்பிப் படுத்தா உசுரு போகுது, அவ்வளவுதான்" என்றார். அதற்கு மாத்திரை நேரத்தை மாற்றினோம். மறுநாளே பிசியோதெரபியில் கூடுதலாக நடந்தார்.

தோலும் அப்படித்தான். படுத்தே இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வரும் முன், தோல் சிவக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. அழுத்திப் பார்த்தாலும் சிவப்பு மாறாது. அது வெள்ளைத் தோலுக்கு. நம் நிறத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கையை வைத்துப் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா. குதிகால், பிட்டத்துக்கு மேலே முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு. கண்ணால் மட்டும் பார்த்து 'தோல் நன்றாக இருக்கிறது' என்று எழுதிய தாளுக்குக் கீழே புண் ஆரம்பித்திருக்கலாம். உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், எந்த ஊரானாலும், இதை இன்றைக்கே செய்து பாருங்கள்.

அப்பத்தா கதைக்கு வருகிறேன். 14 எடுத்துவிட்டார், தாளில் 5-ஐ அடித்து 14 என்று எழுதிவிடலாமே என்று நினைப்பீர்கள். முடியாது, முடியவும் கூடாது. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய ஏழு நாளில் கேட்டதுதான் அந்தத் தாளில் வரலாம். காலம் கடந்து கேட்டதைப் பழைய தாளில் நுழைத்தால் அதுவும் பொய்த் தாள்தான். பெரிய பிழை என்று தெரிந்தால், பிழை இருந்தது என்று ஒப்புக்கொண்டு, புதுத் தேதியில் ஒரு முழு மதிப்பீட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும். செய்தோம். மொழி: தமிழ். மொழிபெயர்ப்பாளர்: வேண்டும். பில் பகுதியில் இருப்பவர் பெருமூச்சு விட்டார். நிர்வாகி, "இது ரொம்ப அவசியமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். சோஷியல் ஒர்க்கர் என்னிடம் இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே ஃபோன் வழி மொழிபெயர்ப்பாளர் எண்ணைத் தன் மேஜையில் ஒட்டிவைத்தார்.

வெளிநாட்டில் அப்பா அம்மாவை வைத்திருக்கும் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்பதால் சில விஷயங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. காசும் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மகள் பக்கத்தில் இருந்தால் 'மனசு சோர்வா?' என்ற கேள்விக்கு எந்த அம்மாவும் உண்மை சொல்ல மாட்டார். சேர்ந்த சில வாரத்துக்குள் பராமரிப்புத் திட்டக் கூட்டம் நடக்கும், கூப்பிடுவார்கள். போங்கள், நேரம் ஒத்துவராவிட்டால் ஃபோனிலாவது சேருங்கள். போய், "என்னென்ன எண் போட்டிருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஆவணங்களைப் பார்க்கக் கேட்டால் வேலை நாளில் 24 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும், நகல் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது விதி. உங்களுக்குத் தெரிந்த அம்மாவும் தாளில் இருக்கும் அம்மாவும் ஒரே ஆள்தானா என்று பாருங்கள். இல்லை என்றால் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் முதியோர் இல்லங்களுக்கென்றே ஆம்பட்ஸ்மன் உண்டு. அவரிடம் புகார் செய்யலாம்.

இரவு ஷிஃப்ட் அசிஸ்டென்டோடு ஒரு தடவை பேசிவிடுங்கள். நான் இப்போது அதைத்தான் முதலில் செய்கிறேன்.

அப்பத்தா ஐந்தாவது வாரம் வீட்டுக்குப் போனார். மகன் வீட்டு வாசலில் நாலு படி, அதை ஏறப் பழகிய பிறகுதான் அனுப்பினோம். கிளம்பும்போதும் அதே பரீட்சை வைக்க வேண்டும். அதே சொற்கள்தான், படிவம் மாறாது. மொழிபெயர்ப்பாளர் ஃபோனில் ஆரம்பிக்கும் முன்பே அப்பத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதே சாக்ஸும் கட்டிலும்தானே? நீலத்தை விட்டுட்டேனா? இப்ப பங்குனி பொறந்துருச்சு, அதையும் எழுதிக்க."

15.